30,000 ரூபாய்க்குள்ள கேமரா வேணும்: ராத்திரி கூத்து எடுக்க எது சரிப்படும்?

#1 பொன்னையாத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். தேவை என்னன்னு முதல்ல சொல்லிடறேன், அப்பதான் நீங்க சரியா வழி சொல்ல முடியும்.

ஊர் திருவலம் பக்கம். ராணிப்பேட்டையில ஷூ கம்பெனி வேலை. எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல சித்திரையில பாரதம் வைக்கறாங்க. பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில படுகளம் (பீமன் துரியோதனனை வீழ்த்தற காட்சி), சாயங்காலம் தீமிதி. என் பெரியப்பா பல வருஷமா துரியோதனன் வேஷம் கட்டறவர். வயசாகுது, இன்னும் எத்தனை வருஷம் ஆடுவார்னு தெரியல. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டி முழு வேஷத்துல அவர் ஆடற நல்ல படம் ஒண்ணுகூட எங்க வீட்டுல கிடையாது. இருக்கறது எல்லாம் செல்போன்ல எடுத்தது. முகம் வெள்ளைத் திட்டா இருக்கும், கை கால் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்.

கையில 30,000 ரூபாய் இருக்கு. அதுக்கு மேல முடியாது. ஆன்லைன்ல 48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்னு போட்டு 7,000 ரூபாய்க்கு ஒரு கேமரா காட்டுது. அதை வாங்கிட்டு மிச்சக் காசை வெச்சுக்கலாமா? லென்ஸ் மாத்தற மாதிரி பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா தேடலாமா? இல்ல அந்தக் காசுக்கு நல்ல போனே வாங்கிடலாமா? கேமரான்னு ஒண்ணைக் கையில பிடிச்சுப் பழக்கமில்ல.

#2 கோட்டைவாசல்

தம்பி, அந்த 7,000 ரூபாய்க் கேமராவை விட்டுடுங்க. அந்த விலையில வர்றதுல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கற சில்லு) உங்க போன்ல இருக்கறதைவிடச் சின்னதாகூட இருக்கும். 48 மெகாபிக்சல்னு பெட்டியில போடறது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வெச்சுப் பெருக்கிக் காட்டற எண்ணிக்கை. 16 மடங்கு ஜூம்னு சொல்றது டிஜிட்டல் ஜூம், அதாவது படத்தோட நடுவை வெட்டிப் பெரிசாக்கறது. அதை நீங்களே போன்ல விரலால பண்ணிக்கலாம். ஆப்டிகல் ஜூம்னு தெளிவாப் போட்டிருந்தாத்தான் லென்ஸே நகர்ந்து பெரிசாக்குதுன்னு அர்த்தம்.

மெகாபிக்சல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டா அந்தப் பயம் போயிடும். 4க்கு 6 அங்குல பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளின்னு வெச்சா 1200 பெருக்கல் 1800. 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். சுவர்ல மாட்டற 12க்கு 18 அங்குலப் படத்துக்கு 3600 பெருக்கல் 5400, சுமார் 19 அரை மெகாபிக்சல். இப்ப கிடைக்கற சாதாரண டிஎஸ்எல்ஆரே 24 மெகாபிக்சல். அதுக்கு மேல உங்களுக்குத் தேவையே வராது.

ராத்திரி எடுக்கறவருக்கு ரெண்டே விஷயம்தான் முக்கியம். ஒண்ணு சென்சார் அளவு. பாக்கெட் கேமரா சென்சார் ஏறக்குறைய 6.2 பெருக்கல் 4.6 மில்லிமீட்டர். கேனன் டிஎஸ்எல்ஆர்ல இருக்கற ஏபிஎஸ்-சி சென்சார் 22.3 பெருக்கல் 14.9. பரப்புல பார்த்தா கிட்டத்தட்ட 12 மடங்கு. ரெண்டாவது, லென்ஸ் எவ்வளவு திறக்கும்ங்கறது. கேமராவோட சேர்த்துத் தர்ற 18-55 எம்எம் ஜூம் லென்ஸ், 55ல வெச்சா எஃப் 5.6 வரைக்கும்தான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய அதிகமாத் திறக்கும்). 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். கூத்துக்களத்துல அந்தப் பத்து மடங்குதான் முகம் தெரியறதா, இழுக்குதான்னு முடிவு பண்ணும்.

அதனால என் யோசனை இது: பாடிக்குப் பழசு, லென்ஸுக்குப் புதுசு. 30,000த்துல பத்தாயிரத்தை லென்ஸுக்கு முதல்லயே ஒதுக்கி வெச்சுடுங்க.

#3 முள்ளுக்கத்திரி

கோட்டைவாசல் சார் சொல்றதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. எல்லாருக்கும் டிஎஸ்எல்ஆர்னு சொல்லிடறோம், ஆனா அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு வெளிய போறவங்க எத்தனை பேரு? நான் அணைக்கட்டுப் பக்கம் வயல், பூ, பூச்சி, சமையல் எல்லாம் போன்லதான் எடுக்கறேன். இலவம்பாடி முள்ளுக்கத்திரியை எடுத்துப் பிரிண்ட் போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன், பார்க்கறவங்க எந்தக் கேமரான்னுதான் கேக்கறாங்க. இப்போ வர்ற போன்ல நைட் மோடு இருக்கு. வரிசையா பல படம் எடுத்து ஒண்ணா அடுக்கிச் சேர்த்துக் கொடுக்குது. கோயில் கோபுரத்துல சீரியல் பல்பு போட்டு எடுத்தா அவ்வளவு சுத்தமா வருது.

30,000 ரூபாய்ல நல்ல போன் வாங்கினா பேசறதுக்கும் ஆச்சு, படத்துக்கும் ஆச்சு.

#4 கோட்டைவாசல்

முள்ளுக்கத்திரி அம்மா, உங்க படங்களை இங்கே போன மாசம் பார்த்தேன். காலை வெயில் சாய்வா விழுந்து காம்போட முள் ஒவ்வொண்ணும் தனியாத் தெரிஞ்சது. அந்த வேலைக்குப் போன் தாராளமாப் போதும், நான் மறுக்கலை. ஆனா நைட் மோடு ஏன் சுத்தமா வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க: பல படத்தை அடுக்குது. கோபுரம் அசையாது. துரியோதனன் அசைவார். அடுக்கற நேரத்துக்குள்ள அவர் கை மூணு இடத்துல இருக்கும். தம்பி சொன்ன அந்த இழுப்பு அதுதான்.

#5 முள்ளுக்கத்திரி

ஆமா, ஆடறவங்களை எடுத்துப் பார்த்ததில்ல. அதுக்கு நீங்க சொல்றதே சரி. மத்ததுக்கு என் பேச்சு மாறாது.

#6 காட்பாடி_ஜங்ஷன்

தம்பி, நான் கல்யாணம் காதுகுத்து எடுத்துக்கினு இருக்கறவன், பழைய பாடி வாங்கறது விக்கறது ரெண்டும் நமக்குப் பழக்கம். அதப் பத்தி மட்டும் சொல்றேன்.

இப்ப ஸ்டுடியோக்காரங்க எல்லாம் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ள கண்ணாடி இல்லாத புது ரகக் கேமரா) மாறிக்கினு இருக்காங்க. அதனால டிஎஸ்எல்ஆர் நல்ல விலைக்கு வெளிய வருது. உனக்குப் பொருந்தறது கேனன்ல 1500டி, 200டி, 200டி மார்க் 2. நிக்கான்ல டி3500, டி5300, டி5600. கேனன் 3000டின்னு ஒண்ணு வரும், விலை கொஞ்சம் கம்மியா இருக்கும், அத விட்டுடு. லென்ஸ் மாட்டற வளையமே பிளாஸ்டிக், 18 மெகாபிக்சல்.

கல்யாண வேலையில ஓடின பாடி வாணாம். அதுல ஷட்டர் (படம் எடுக்கறப்ப திறந்து மூடற கதவு) தேஞ்சிருக்கும். வீட்டுல ஆசைக்கு வாங்கி அலமாரியில வெச்சவன்கிட்ட வாங்கு. இந்த ரகத்துக்கு ஷட்டர் ஆயுசு பொதுவா 1,00,000 கிளிக்னு சொல்லுவாங்க. 20,000க்குள்ள இருந்தா தைரியமா எடு. நிக்கான்ல எடுத்த படத்துலயே எண்ணிக்கை பதிஞ்சிருக்கும், கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம். கேனன்ல படத்துல அது வராது, பாடியை ஒயர் போட்டு கம்ப்யூட்டர்ல மாட்டித்தான் பாக்கணும்.

வாங்கப் போறப்ப கையில ஒரு டார்ச் லைட், ஒரு எஸ்டி கார்டு எடுத்துக்கினு போ. லென்ஸக் கழட்டி ஒரு பக்கமா டார்ச் அடிச்சு மறுபக்கம் பாரு. சிலந்திவலை மாதிரி வெள்ளையா நூல் ஓடினா பூஞ்சைக்காளான், எவ்வளவு கம்மி விலை சொன்னாலும் வாணாம். கண்ணாடியில ரெண்டு தூசி இருந்தா பரவால்ல. அடுத்து அப்பர்ச்சர (லென்ஸ் திறப்பு, அதான் எஃப் எண்) 16ல வெச்சு வெள்ளைச் சுவத்த எடுத்துப் பெரிசு பண்ணிப் பாரு. கரும்புள்ளி இருந்தா சென்சார் மேல தூசி, அது சுத்தம் பண்ணினா போயிடும். கோடு மாதிரி இருந்தா கீறல், அது போகாது. முக்காலி மாட்டற திருகு, ஃபிளாஷ் மாட்டற தகடு ரெண்டுலயும் துரு இருக்கான்னு பாரு. துரு இருந்தா எங்கயோ தண்ணியில நனைஞ்ச பாடி. பேட்டரி உப்பியிருக்கக் கூடாது. பில்லுல இருக்கற நம்பரும் பாடிக்கு அடியில இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கணும். பில் இல்லன்னா விலை எவ்வளவு கம்மியானாலும் கை வெக்காத.

#7 ஏலகிரி_மேகம்

ஒரே லென்ஸ்ல எல்லாம் முடியற மாதிரி சூப்பர் ஜூம் கேமரா யோசிச்சீங்களா? நிக்கான் பி900 மாதிரி 83 மடங்கு ஆப்டிகல் ஜூம். நான் மலையில பறவை எடுக்கறது அதுலதான். மரத்து உச்சியில இருக்கற மரங்கொத்தி கண்ணு வரைக்கும் தெரியும். தூக்கறதுக்கும் வசதி.

#8 கோட்டைவாசல்

பகல் வெளிச்சத்துல பறவைக்கு அருமையான சாதனம். ஆனா அதுக்குள்ள இருக்கறது அந்தப் பாக்கெட் கேமராவோட 1/2.3 அங்குலச் சென்சார்தான். ராத்திரி களத்துக்கு அது தாங்காது.

#9 பொன்னையாத்தங்கரை

ரொம்ப நன்றி. காட்பாடி அண்ணா, டார்ச் விஷயம் எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இப்ப ரெண்டு சந்தேகம். கேனனா நிக்கானா? அப்புறம், 50 எம்எம்ல ஜூம் கிடையாதுன்னு சொல்றாங்க. களத்துல முன்வரிசையில தரையில உக்காந்துதான் எடுப்பேன். பெரியப்பா கிரீடத்தோட முழுசா உள்ள வருவாரா?

#10 கோட்டைவாசல்

இதைக் கணக்காவே சொல்லிடலாம். கேமராவைச் செங்குத்தாத் திருப்பிப் பிடிச்சா சென்சாரோட 22.3 மில்லிமீட்டர் பக்கம் உயரமா வரும். 50 எம்எம் லென்ஸ், 5 மீட்டர் தூரம்: 22.3ஐ 50ஆல வகுத்து 5ஆல பெருக்கினா 2.2 மீட்டர் உயரம் உள்ளே அடங்கும். ஆள், கிரீடம், சலங்கை எல்லாம் வந்துடும், ஆனா அதுக்கு மேல இடம் இருக்காது. 3 மீட்டர்ல இருந்தா 1.3 மீட்டர்தான், அதாவது தலையிலிருந்து இடுப்பு வரைக்கும். முகத்துக்கும் மார்ப்பதக்கத்துக்கும் அது நல்ல அளவு. மொத்தக் களமும் பின்பாட்டுக்காரங்களும் வேணும்னா 18-55 லென்ஸை 18ல வெச்சு எடுங்க, அங்கே எஃப் 3.5 திறக்கும். கேனன்ல 24 எம்எம் எஃப் 2.8னு தட்டையா ஒரு சின்ன லென்ஸ் இருக்கு, பின்னாடி காசு சேர்ந்தா பாருங்க.

நிக்கான் எடுத்தா 35 எம்எம் எஃப் 1.8 ஜி வாங்குங்க, கூத்துக்கு அது 50ஐவிடச் சௌகரியம். மூணரை மீட்டர்லயே முழு ஆள் வந்துடும். ஆனா ஒரு எச்சரிக்கை. நிக்கான் டி3500, டி5600 வகைப் பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவா 50 எம்எம் 1.8 டின்னு பழைய லென்ஸ் விப்பாங்க, அது இந்தப் பாடியில தானா ஃபோகஸ் ஆகாது. பெயர்ல ஏஎஃப்-எஸ்னு இருக்கான்னு பார்த்து வாங்கணும்.

#11 ஏலகிரி_மேகம்

பழைய சோனி ஏ6000 கூட இந்த விலைக்கு வருது. மிரர்லெஸ், நொடிக்கு 11 படம்.

#12 காட்பாடி_ஜங்ஷன்

பாடி நல்ல பாடிதான். லென்ஸ் விலை பாத்துக்க. பாடியில மிச்சம் பிடிச்சத லென்ஸுல விட்டுடுவ. பேட்டரியும் சீக்கிரம் எறங்கும், விடிய விடிய கூத்துன்னா மூணு பேட்டரி வேணும். டிஎஸ்எல்ஆர்ல கண்ணு வெச்சுப் பாத்து எடுத்தா ஒரு பேட்டரி 500 படம் வரைக்கும் ஓடும், ரெண்டு வெச்சிருந்தா ராத்திரி முழுக்க ஆச்சு. நம்மூர்ல சுத்தி இருக்கறவன் கேனன் வெச்சிருந்தா நீயும் கேனன் வாங்கு. லென்ஸ், சார்ஜர் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாங்கிக்கலாம். இதுதான் உண்மையான வித்தியாசம், மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் பேச்சு.

#13 திரைவிருத்தம்

ஆற்காடு பக்கத்துல ஒரு ஜமாவுல (கூத்துக் குழு) முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதற வாத்தியம்) வாசிக்கறவங்க குடும்பம் நாங்க. கேமராவைப் பத்தி எனக்குத் தெரியாது. எடுக்க வர்றவங்களைப் பத்தித் தெரியும், அதைச் சொல்றேன்.

முதல் வேலை, சாயங்காலமே போய் வாத்தியாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க பெரியப்பா ஜமாவாவே இருந்தாலும் சொல்லணும். ரெண்டாவது, ஃபிளாஷ் போடவே கூடாது. ஆடறவர் திரையிலிருந்து வெளிய வர்ற நேரத்துல கண்ணுல பளிச்சுனு அடிச்சா அடவு தப்பும். புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் மரத்துல செஞ்சு கண்ணாடிச் சில்லு பதிச்சது. அதுல ஃபிளாஷ் பட்டா மொத்தமும் வெள்ளைப் புள்ளியாத்தான் உங்க படத்துல விழும், அழகு ஒண்ணும் தெரியாது.

எப்ப எடுக்கணும்னு கேட்டா, எல்லாரும் களத்துல மட்டும் எடுக்கறாங்க. அரிதாரம் பூசற இடத்துக்குப் போங்க. ஒரே ஒரு பல்பு தொங்கும், கையில சின்னக் கண்ணாடி வெச்சுக்கிட்டுத் தானே முகம் எழுதுவாங்க. ரெண்டு மூணு மணி நேரம் நடக்கற வேலை அது. ஆள் அதிகம் அசைய மாட்டார். பேச்சுக் கொடுக்காம ஓரமா உக்காந்தா உங்களை மறந்துடுவாங்க.

அப்புறம் திரை. ரெண்டு பேர் பிடிச்சிருப்பாங்க, வேஷக்காரர் பின்னாடி நின்னு திரை விருத்தம் பாடும்போது கிரீடத்தோட உச்சியும், பிடிச்ச விரலும் மட்டும் மேல தெரியும். கட்டியங்காரன் இந்தப் பக்கம் நின்னு கேள்வி கேப்பான். திரை விலகினதும் முதல் கிறிக்கி (சுத்திச் சுழன்று ஆடறது) வரும். அந்த இடத்தை முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சிருக்கறவருக்குத்தான் படம் கிடைக்கும். உங்களுக்குக் கதை தெரியும், பாட்டுத் தெரியும், அடுத்து என்ன வரும்னு தெரியும். வெளியூர்லேருந்து பெரிய கேமராவோட வர்றவருக்கு அது தெரியாது.

#14 பொன்னையாத்தங்கரை

அண்ணா, இதைப் படிச்சதும் பெரியப்பாகிட்ட சொன்னேன். அரிதாரம் போடும்போது பக்கத்துல இருக்கலாம்னு சொல்லிட்டார்.

#15 கோட்டைவாசல்

திரைவிருத்தம் எழுதினது இந்த இழையிலேயே பெரிய பாடம். அதுக்குக் கேமராவுல என்ன வெக்கணும்னு நான் சொல்றேன்.

ஆட்டோ மோடு வேணாம். காரணம், களத்துக்குப் பின்னாடி ஒரே இருட்டு. கேமரா அந்த இருட்டையும் சேர்த்து அளந்து, வெளிச்சம் பத்தலைன்னு நினைச்சு முகத்தை வெளுத்துடும். நீங்க முதல்ல சொன்ன வெள்ளைத் திட்டு இதனாலதான் வருது. கூத்துல ஒரு வசதி இருக்கு: விளக்கு கட்டினா விடியற வரைக்கும் அதே விளக்கு, அதே இடம். அதனால மேனுவல் மோடுல ஒரு தடவை சரியா வெச்சுட்டா ராத்திரி முழுக்க மாத்தத் தேவையில்ல. அப்பர்ச்சர் 2.2, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 3200ல ஆரம்பிங்க. ஒரு படம் எடுத்து முகத்தை மட்டும் பெரிசு பண்ணிப் பாருங்க. அரிதாரத்துல கோடுகள் தெரியுதா? தெரியலைன்னா ஐஎஸ்ஓவைக் குறைங்க. சிவப்பு வேஷத்துல இன்னும் கவனம் வேணும், சிவப்பு நிறம் மத்த நிறங்களுக்கு முன்னாடியே வெடிச்சுத் தட்டையாயிடும். கொஞ்சம் இருட்டா எடுத்து வீட்டுல ஏத்திக்கறதுதான் பாதுகாப்பு. அதுக்குத்தான் ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சதை அப்படியே வெக்கற ஃபைல்) எடுக்கச் சொல்றோம். 32 ஜிபி கார்டுல ஏறக்குறைய 1,000 ரா படம் பிடிக்கும். அதைத் திறந்து சரி பண்ற சாஃப்ட்வேர், கேனனோட டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபஷனல், நிக்கானோட என்எக்ஸ் ஸ்டுடியோ ரெண்டும் இலவசம்தான்.

ஃபோகஸ் புள்ளியை நடுவுல மட்டும் வெச்சுக்கோங்க. 1500டியில 9 புள்ளி இருக்கு, இருட்டுல நம்பிக்கையா வேலை செய்யறது நடுவுல இருக்கற ஒண்ணுதான். அதைக் கண்ணு மை மேல வையுங்க. கருப்பும் வெள்ளையும் சந்திக்கற விளிம்பு அது, சட்டுனு பிடிக்கும்.

கிறிக்கியை உறைய வெக்கணும்னா 1/500 வேணும், அந்த வெளிச்சத்துக்கு அது கஷ்டம். அதனால தலைகீழா யோசிங்க. 1/30ல வெச்சு, கேமராவை ஆடாம பிடிச்சு, சுத்தறவரை எடுங்க. பாவாடை விரிஞ்சு சுழல்றது கோடு கோடா வரும், கட்டியங்காரனும் பின்பாட்டும் அசையாம நிப்பாங்க. நிறைய வீணாகும், கிடைக்கற ஒண்ணு நல்லா இருக்கும்.

#16 காட்பாடி_ஜங்ஷன்

படுகளத்தப் பத்தி யாரும் சொல்லல. அது பகல் வெயில், சித்திரை வெயில். அக்னி நட்சத்திரத்துல நம்மூர்ல 40 டிகிரி தாண்டும். கேனன் கையேட்டுலயே 40 டிகிரி வரைக்கும்தான் போட்டிருப்பான். பைய ஈரத்துணியில சுத்தாத, வெள்ளைத் துண்டு போட்டு நிழல்ல வெய்யி. பைக் டாங்க் மேல, கார் உள்ள வெக்கவே வெக்காத.

மண்ணுல பண்ணின துரியோதனன் படுத்திருக்கறது ரொம்ப நீளம். தரையில நின்னா கால் மட்டும் தெரியும், தலை எங்கயோ இருக்கும். பக்கத்துல மாடி, டிராக்டர், தண்ணி டேங்க் எது இருக்குதுன்னு முந்தின நாளே பாத்து இடம் பேசிக்க. 18-55 மாட்டிக்கினு போ, கடைசி வரைக்கும் கழட்டாத. அந்தக் கூட்டத்துல பறக்கற புழுதி சென்சார்ல உக்காந்தா அன்னிக்கு எடுத்த எல்லாப் படத்துலயும் புள்ளி. தொடையில அடிக்கறப்ப எல்லாரும் பீமனத்தான் எடுப்பாங்க, நீ பாஞ்சாலி கூந்தல் முடியற இடத்துக்கு முன்னாடியே போய் நின்னுடு, கூட்டம் அங்க திரும்பறதுக்குள்ள இடம் போயிடும்.

#17 குடியாத்தம்_தறி

இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். நாங்க லுங்கி நெய்யறோம், ஆன்லைன்ல விக்கப் படம் எடுக்கணும். போன்ல எடுத்தா சின்னக் கட்டம் போட்ட லுங்கியில வானவில் மாதிரி அலை அலையா வருது. நிறமும் மாறுது, வாங்கறவங்க திருப்பி அனுப்பறாங்க. கேமரா வாங்கினா சரியாகுமா?

#18 முள்ளுக்கத்திரி

கேமரா வேணாம்ங்க. அந்த அலைக்கு மொய்ரேன்னு பேர். துணியோட கட்டமும் சென்சார்ல இருக்கற புள்ளி வரிசையும் ஒண்ணோட ஒண்ணு மோதறதால வருது, டிஎஸ்எல்ஆர்லயும் வரும். ஒரு அடி முன்னாடியோ பின்னாடியோ நகருங்க, இல்ல துணியைக் கொஞ்சம் சாய்ச்சுப் போடுங்க, போயிடும். சில நேரம் படத்துல இருக்காது, திரையில சின்னதாக் காட்டும்போது மட்டும் தெரியும். பெரிசு பண்ணிப் பார்த்தா புரிஞ்சுடும்.

நிறத்துக்கு, டியூப்லைட்டை அணைச்சுடுங்க. ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தா எந்தக் கேமராவாலயும் நிறத்தைச் சரியாச் சொல்ல முடியாது. நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்துல, முடிஞ்சா வடக்கு ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்துங்க. அதே வெளிச்சத்துல ஒரு வெள்ளைத் தாளை வெச்சு ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாவே காட்டற அமைப்பு) நிறுத்திட்டு அப்புறம் எல்லா லுங்கியும் வரிசையா எடுங்க, நடுவுல மாத்தாதீங்க.

#19 குடியாத்தம்_தறி

டியூப்லைட்டை அணைச்சதுமே ஊதா லுங்கி ஊதாவாவே வந்துடுச்சு. ரொம்ப நன்றிம்மா.

#20 பொன்னையாத்தங்கரை

வாங்கிட்டேன். கேனன் 1500டி, 18-55 லென்ஸோட, ஒருத்தர் வீட்டுல அதிகம் எடுக்காம வெச்சிருந்தது. பில், பெட்டி எல்லாம் இருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், சுத்தம். 50 எம்எம் 1.8 எஸ்டிஎம் புதுசு. ரெண்டாவது பேட்டரியும் சேர்த்து 30,000த்துக்குள்ள முடிஞ்சது.

சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் எங்க பழகறது?

#21 கோட்டைவாசல்

மூணு இடம் சொல்றேன், மூணும் மூணு விதமான வெளிச்சம்.

வேலூர்ல நேதாஜி மார்க்கெட், விடியறதுக்கு முன்னாடி. பூக்கடையில பல்பு வெளிச்சம், அசையற கை, பின்னாடி இருட்டு. கூத்துக்களத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, வியாபாரத்துக்குக் குறுக்க நிக்காதீங்க.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை. சீக்கிரமே போங்க. சூரியனுக்கு எதிர்ப்பக்கமா, அதாவது சூரியன் மாட்டுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி நின்னா, புழுதி பொன்னிறமா எழும்பும், கொம்பு விளிம்புல ஒளி ஓடும். ஓடற மாட்டை எடுத்துப் பழகினா ஆடற ஆளை எடுக்கறது சுலபமாயிடும்.

மூணாவது இடம் வேலூர்க் கோட்டை. ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்கள்ல யாளியும் குதிரை வீரனும் இருக்கு. நடுப்பகல்ல போனா வெறும் கல்லாத் தெரியும். வெயில் சாஞ்சு பக்கவாட்டுல நுழையும்போது அதே தூண்ல குதிரையோட கடிவாளம் வரைக்கும் பிரிஞ்சு தெரியும். ஒரே தூணை வேற வேற நேரத்துல எடுத்து வீட்டுல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எனக்கு ஒளியைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் அந்த மண்டபத்துலதான் கத்துக்கிட்டது. எங்கே எடுக்கலாம் எங்கே கூடாதுன்னு கோயில் ஆளுங்களைக் கேட்டுக்கோங்க. கோட்டை தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு, முக்காலி வெக்க அவங்க அனுமதி வேணும், கையில பிடிச்சே எடுங்க. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குக் கேமராவோட கிளம்பாதீங்க, உள்ளே போனுக்கே அனுமதி கிடையாது.

#22 ஏலகிரி_மேகம்

ஜவ்வாது மலைப் பக்கம் வாங்க, அமாவாசையில. காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்குன்னா வானம் எவ்வளவு இருட்டுன்னு பாத்துக்கோங்க. 18-55ஐ 18ல வெச்சு, எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 17 நொடி, முக்காலி. அதுக்கு மேல போனா நட்சத்திரம் கோடாயிடும்.

#23 பொன்னையாத்தங்கரை

பக்கத்து ஊர்ல கூத்து வெச்சாங்க, வாத்தியார்கிட்ட சொல்லிட்டு எடுத்துப் பார்த்தேன். முகம் தெளிவா வருது! ஆனா நிறையப் படத்துல குறுக்கால கருப்பாப் பட்டை பட்டையா விழுது. ஒரு படம் மஞ்சளா இருக்கு, அடுத்தது வேற நிறம். கேமரா கோளாறா? வாங்கின இடத்துல கேக்கணுமா?

#24 காட்பாடி_ஜங்ஷன்

கேமரா நல்லாத்தான் கீது, பயப்படாத. எல்இடி ஃபோகஸ் லைட் கட்டியிருப்பாங்க. நம்ம கரண்ட் நொடிக்கு 50 சுத்து, மலிவான லைட்டு அதுல 100 தடவ மின்னி மின்னி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/200 ஷட்டருக்குத் தெரியும். 1/100ல வெய்யி, இல்லன்னா 1/50. பட்டை போயிடும். ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவுல விடாம ஒண்ணுல நிறுத்து.

#25 கோட்டைவாசல்

அதே. 1/100 வெச்சா ஐஎஸ்ஓவையும் 1600க்கு இறக்கிடலாம், படம் இன்னும் சுத்தமாகும். வேகமான அசைவுல கொஞ்சம் இழுக்கும், அதனால அடவு முடிஞ்சு ஒரு கணம் நிலைச்சு நிப்பாங்களே, அங்கே அழுத்துங்க. தாளம் தெரிஞ்சவருக்கு அது கஷ்டமில்ல.

#26 பொன்னையாத்தங்கரை

பாரதம் முடிஞ்சது. படம் இருக்கு. பெரியப்பா அரிதாரம் எழுதறது, திரைக்கு மேல கிரீடம், களத்துல முழு உருவம், எல்லாமே. ஜமாவுல எல்லாரும் வாட்ஸாப்புல அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினா மங்கலாயிடுது. பிரிண்ட்டும் போட்டுத் தரணும். எப்படிக் கொடுக்கறது?

#27 திரைவிருத்தம்

பிரிண்ட்டே போட்டுக் கொடுங்க தம்பி. எங்க வீட்டுல தாத்தா முகவீணையோட நிக்கற படம் ஒண்ணு இருக்கு, யார் எடுத்ததுன்னு தெரியாது, என்னிக்குன்னும் தெரியாது. பின்னாடி ஒரு வரி எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு அடிக்கடி நினைப்பேன்.

#28 கோட்டைவாசல்

வாட்ஸாப்புல போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும். டாக்குமெண்ட்னு இருக்கற வழியா அனுப்புங்க, எடுத்தபடியே போகும். பிரிண்ட்டுக்கு ரா ஃபைலிலிருந்து ஜேபெக் பண்ணும்போது அளவைக் குறைக்காதீங்க, 24 மெகாபிக்சலும் இருக்கட்டும். திரையில தெரியறதைவிட பிரிண்ட் கொஞ்சம் இருட்டா வரும், அதனால முதல்ல 4க்கு 6ல ஒண்ணு போட்டுப் பார்த்துட்டு, வெளிச்சத்தைச் சரி பண்ணி, அப்புறம் 12க்கு 18 கொடுங்க. அரிதாரம் பளபளன்னு இருக்கறதால மேட் தாள் நல்லா இருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஆடினவர் பேர், வேஷம், ஊர், தேதி எழுதுங்க. பிரிண்ட்டுக்குப் பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் விழும். சின்ன ஸ்டிக்கர்ல முதல்லயே எழுதி, அப்புறம் ஒட்டிடுங்க.